மடியில் தட்டிய ஐந்து வார்த்தைகள்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம், என் மறதியும் எங்களோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ போட்ட சத்தத்துக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், பாதியில் வார்த்தை நழுவிவிடுகிறது, அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன். மூளைக்கு ஷாக் கொடுக்கிறார்கள் என்று உன்னிடம் யார் சொன்னது? அது வெறும் காந்தம். தோடு, கொண்டை ஊசி எல்லாம் கழற்றிவைத்துவிட்டு, காதை அடைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் இருக்குமே அந்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டும், வட்டமாக ஒன்றைத் தலையோடு ஒட்டிப் பிடிப்பார்கள், டக்டக்கென்று யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். முதல் நாள் எனக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று காந்தத்தை அளவு பார்த்தபோது என் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்து வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்ட விரல் அது, ரிட்டையர் ஆன பிறகும் வேலைக்குக் கூப்பிடுகிறார்களே என்று சிரித்துவிட்டேன்.

டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர். இது நோயை விரட்டிவிடும் என்று சொல்லமாட்டேன், இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, சிலருக்கு ஞாபகம் தேய்வது கொஞ்சம் மெதுவாகலாம், உங்களுக்கு எப்படி என்று போகப்போகத்தான் தெரியும் என்றார். அந்தக் கொஞ்சம் எனக்குப் போதும். அவ்வப்போது ஒரு பரீட்சையும் உண்டு, ஐந்து வார்த்தை சொல்வார், சற்று நேரம் வேறு ஏதோ பேசிவிட்டுத் திருப்பிக் கேட்பார். ஒரு தடவை சாவி, படகு, எலுமிச்சை என்று அத்தனையையும் ஒப்பித்துவிட்டேன், டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெளியே வந்தால், உள்ளே என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த உன் அப்பா உம்மென்று இருக்கிறார். "மடியில கைய வச்சு டைப் அடிச்சியே, நான் பாத்தேன். யாரை ஏமாத்துற?" என்றார். உண்மைதான். டாக்டரம்மா சொல்லச்சொல்ல என் விரல்கள் மடியில் தட்டிக்கொண்டன, கேட்டபோது அதே விரல்களைத் திரும்ப ஓடவிட்டேன். ஞாபகம் விரலுக்கு இருந்ததே தவிர எனக்கு இல்லை. அவர்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, வீடு வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பொய் மார்க்கு வாங்கினால் சிகிச்சை பலிக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அடுத்த தடவை நானே விஷயத்தைச் சொல்லி, கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, புதிதாக ஐந்து கேளுங்கள் என்றேன். இரண்டுதான் வந்தது. அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அதனால் நிறுத்தச் சொல்லாதே, கடைசி நாள்வரை போகத்தான் போகிறேன். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவரவும் வேண்டாம், வழியெல்லாம் என்னைக் கேலி பண்ண அப்பா கூடவே வருகிறார். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, மனம் நிறைந்து வாழவேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மறப்பதற்கு இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தி போதும். போனில் நான் ஒரு வார்த்தைக்குத் திணறினால் உடனே நீ எடுத்துக் கொடுத்துவிடுகிறாய். இனிமேல் கொடுக்காதே. பேசாமல் காத்திரு, நானே தேடி எடுத்துக்கொள்கிறேன். நான் தேடுவது உன் பெயராகவே இருந்தாலும்.

உன் அம்மா