உள் கண்ணாடி துடைத்தவள்

இன்று காலை வெள்ளிமலையிலிருந்து இறங்கிய ஒரு கார் வந்தது. முன் கண்ணாடி முழுக்கப் பூச்சி ஒட்டிக் காய்ந்திருந்தது. வெளியே கழுவி முடித்து, பழைய செய்தித்தாளை நனைத்துக் கசக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். ஈர மை வாசனை குப்பென்று ஏறியது. கூடவே உன் முகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விரலால் தட்டி, "இங்க, இங்க" என்று காட்டும் முகம். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊருக்கு முன்னால் புருஷன் என்று உனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசினேன். வீட்டுக்குள் நீ, வா, போதான். இது வீட்டுக்குள் எழுதும் கடிதம்.

சங்கராபுரம் சாலையில் நாம் வாட்டர் சர்வீஸ் ஆரம்பித்தபோது வேலையைப் பிரித்தது நீ. தண்ணீர் அடிப்பது, நுரை போடுவது, வண்டிக்காரர்களிடம் பேசுவது எல்லாம் உனக்கு. உள்ளே குனிந்து செய்வதெல்லாம் எனக்கு. "உனுக்கு சின்ன ஒடம்பு, உள்ள பூந்துக்குவ" என்றாய். நானும் புகுந்துகொண்டேன். பதினோரு வருஷம் பிறத்தியார் வண்டிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தே போயிற்று.

நம் போர்வெல் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். கடைசித் துடைப்புக்கு மட்டும் தெருக்குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று கண்டுபிடித்தது நான். தினம் ஒரு குடம் இடுப்பில் சுமந்து வந்ததும் நான்தான். கோட்டுச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? துடைத்து முடித்த கண்ணாடியில் எங்காவது ஒரு கோடு மிச்சம் இருக்கும். உன் பக்கம் என்பாய் நீ. உன் பக்கம் என்பேன் நான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தினேன்.

"யோவ், இனிமே நான் மேலயும் கீழயும் தொடைக்கிறேன். நீ குறுக்கால தொட. கோடு எப்புடி நிக்குதுன்னு பாத்தா தெரிஞ்சிடும் யாருதுன்னு."

அன்று ஐந்து வண்டி. எல்லாக் கோடும் குறுக்கே கிடந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு டிரைவரிடம், "உள்ள நெட்டுவசம், வெளிய குறுக்குவசம். இது நம்ம டெக்னிக்குங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம்ம என்றுதானே சொல்கிறான், அதில் நானும் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

பிறகு அந்த வெள்ளைக் கார்க்காரர் வந்தார். முதல் நாள் நம்மிடம் கழுவிக்கொண்டு மலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் இறங்கும்போது ஒரு வளைவில் வெயில் நேராக முகத்தில் அடித்திருக்கிறது. டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ் உள் கண்ணாடியில் பிசுக்காகப் படியும். நிழலில் தெரியாது. எதிர்வெயில் விழுந்தால் பால் ஊற்றினதுபோல் மங்கிவிடும். மலை வளைவில் அப்படி மங்கினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். அவருக்கு மங்கவில்லை. அதைச் சொல்லவென்றே மறுநாள் வந்தார்.

"கண்ணாடியே இல்லாத மாதிரி இருந்துச்சு. உள்பக்கம் யாருங்க தொடைச்சது?"

நான் பக்கத்து வண்டிக்குள் துணியும் கையுமாக இருந்தேன். ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு அவரிடம் சொன்னாய்.

"நாந்தான் சார். உள் கண்ணாடிய மட்டும் வேற யார் கையிலயும் வுட மாட்டேன்."

பார்க்காமல் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். நீ பார்த்தாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சோறு தின்னும்போது கேட்டேன். "ஏன்யா அப்புடி சொன்ன?"

"பொம்பள தொடைச்சதுன்னா வண்டிய நம்பி வுடுவானா? இன்னா இப்போ, ரெண்டு பேரும் ஒண்ணாதான துன்றோம்?" என்று மோரை ஊற்றிக்கொண்டாய். அந்தக் கார்க்காரர் நாலு பேரிடம் சொல்ல, நாலு பேர் நாற்பது பேர் ஆக, கள்ளக்குறிச்சியில் கண்ணாடி என்றால் உன் கை என்று ஆகிப்போனது.

போன ஐப்பசியில், வண்டியை ஏற்றிக் கழுவும் ரேம்ப் ஓரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் உன் கையைப் பற்றியே பேசினார்கள். அந்தக் கண்ணாடித் துடைப்பு இனி யாருக்கு வரும் என்றார்கள். நான் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அழுதேன்தான், பொய் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவிலேயே பல்லையும் கடித்தேன்.

மறுவாரம் இடத்துக்காரர் தன் டிரைவரோடு வீட்டுக்கு வந்தார். நின்றபடியே பேசினார்.

"அந்த கைக்கோசரம்தான்மா வண்டி வந்துக்கினு இருந்துச்சு. கை பூடுச்சு. நீ இன்னா பண்ணுவ, பாவம். இடத்த வேற ஆளுக்கு வுட்டுடலாம்னு பாக்குறேன்."

அந்த ரேம்பை விட்டால் எனக்குத் தெரிந்தது களை எடுப்பதுதான், அதற்கும் இடுப்பு ஒத்துழைக்காது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"அய்யா, உள் கண்ணாடி எப்பவும் நாந்தாங்க தொடைச்சேன். அவரு ஒருநாளும் தொடைச்சதில்லீங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பக்கத்தில் நின்ற டிரைவரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் பரிதாபம். "செரிம்மா, செரிம்மா. செத்தவரப் பத்தி அப்புடிலாம் பேசக்கூடாது" என்று செருப்பைத் தேடினார். இது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. உன்னைத் தென்பெண்ணையில் கரைத்துவிட்டு வந்திருந்தோம்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"அய்யா, அவருதாங்க எனுக்குக் கத்துக் குடுத்தாரு. பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்தேனா, அவரு கை அப்புடியே வந்துடுச்சுங்க."

திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்புடி சொல்லு! அதான பாத்தேன். செரி, நடத்து" என்றார். அவ்வளவுதான். பதினோரு வருஷ உண்மைக்குக் கிடைக்காத ரேம்ப் அரை நிமிஷப் பொய்க்குக் கிடைத்தது. நீ மோர்ச்சோற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னது சரியாகப் போயிற்று. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

அன்றிலிருந்து வருகிற வண்டிக்காரர்களிடம் எல்லாம் அதையே சொல்கிறேன். வண்டி குறையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியத்திலிருந்து நம் மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். நான் வேலை செய்வதை மாப்பிள்ளை உற்றுப் பார்த்துவிட்டு, "அத்த, கண்ணாடி பளிச்சுனு கீதே" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா கத்துக் குடுத்ததுங்க. எங்கம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் அப்பாதான்."

எவ்வளவு பெருமை அவள் முகத்தில். பெற்ற பெண்ணுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நிமிர்ந்தேன். இடத்துக்காரர் பத்தடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஆமாம்மா" என்றேன்.

உன்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயம் இருந்தது. அதையும் என் வாயாலேயே கொடுத்துவிட்டேன். கோபம் மட்டும் எங்கேயும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் தினமும் ரேம்பைத் திறக்கிறேன்.