ஒட்டுக் கூரை வேண்டாம்

ஜூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. காலையிலேயே அனல். துறைமுக வீதி முழுக்கப் புழுதி. அலுவலக ஏசி மறுபடியும் ஒழுக்கு, கீழே வாளி.

மலாய்ச் சங்க மண்டபத்தின் மொடல் ஒருவழியாகக் கணினியில் எழுந்து நிற்கிறது. மலேசியாவில் படித்தபோது நானே அளந்த கிராமத்து வீடுகள்தான் அடிப்படை. தூண் இடைவெளி, தரை உயரம், கூரைச் சரிவு. ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக நகர்ந்து இடம் பிடிக்கிறது. மரத்துக்குப் பதில் கொங்கிறீற்று. ஓலைக்குப் பதில் தகடு. சுவரில் காற்று நுழையத் துளைப்பலகை.

குமரன் சேர், என் முதலாளி, திரையைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, கட்டடம் காலில நிக்குது?”

“ஓம் சேர். அடியால காற்றுப் போகும்.”

“கண்ணாடிப் பெட்டியாக் கீறுங்கோ. மேல மலாய்க் கூரை மாதிரி ஒண்டை ஒட்டி விடுங்கோ. சங்கத்து ஆக்களுக்கு அது காணும்.”

காணுமாம். இங்கத்தைய மலாய்க்காரர், வாப்பாவின் ஆட்கள், என் ஆட்கள், கூரை என்ற ஒரு தொப்பியோடு திருப்திப்பட்டுவிடுவார்களாம். தேநீர், சீனி இல்லாமல்.

வாங்க வேண்டியவை: மீன், உம்மாவின் கண் மருந்து.

ஜூலை 10, வியாழன்

சேர் கேட்ட பெட்டியையும் கீறி, இரண்டு மொடலையும் கணினியில் காற்றுச் சோதனைக்கு ஓடவிட்டேன். பெட்டிக்குள் முழுச் சிவப்பு, வெப்பம். என்னுடையதில் தரைக்கடியாலும் சுவராலும் நீலம் புகுந்து முகட்டால் வெளியேறுகிறது. சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஏசி போட்டா முடிஞ்சுது கதை.”

“கரண்ட் போனா?”

“ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில பெட்டியைத்தான் காட்டுவம். நீங்கள் மற்றதைக் காட்டினா திங்கட்கிழமை வர வேண்டாம்.”

குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் கூடுதல் எரிச்சல்.

உம்மா: “வேலை முக்கியம், மகள்.” ஓம், முக்கியம். அதனால்தான் விடமாட்டேன்.

கத்தரிக்காய்க் கறி. உப்புக் கூடிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

சங்கத்தின் வாடகை அறை. ஒரு மின்விசிறி, எல்லோரும் வியர்வையில். சேர் பெட்டியைக் காட்டினார். தலைவர் துவான் மாமா, வாப்பாவின் சிநேகிதர், “நல்ல வடிவு” என்றார்.

எழும்பினேன். “இன்னொண்டும் இருக்கு.” சேர் என் பக்கம் திரும்பவில்லை.

மொடலைச் சுழற்றிக் காட்டினேன். துவான் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. “இது பழைய காலத்து வீடுதானே புள்ள. நாங்க முன்னேற வேணாமா?”

“கூரையை மட்டும் ஒட்டினா அது நாங்களில்ல மாமா. நாங்கள் போட்ட வேசம். காற்று வாற விதத்தைத்தான் நான் கொண்டு வந்திருக்கிறன்.”

பின்வரிசையிலிருந்து சித்தி என்ற பெயருள்ள ராத்தா, எனக்கு அக்கா முறை: “என்ட மாமி சில்லுக் கதிரையில. இதில ஏற ஏலாதே.”

நியாயமான கேள்வி. சக்கர நாற்காலியை நான் யோசிக்கவில்லை. அங்கேயே தரையைத் தாழ்த்தினேன். தூண்கள் குறுகின, கூரை இறங்கியது. பக்கத்தில் நீளமாக ஒரு சாய்தளம் கீறினேன். எல்லோரும் திரைக்குக் கிட்ட வந்துவிட்டார்கள்.

“மாரி மழைக்கு மண்டபம் கட்டுற ஒழுங்கையில, ரோட்டு முழுக்க, தண்ணி நிக்கும். இந்த உயரம் காணுமா?” என்றார் ராத்தா.

“காணும்.”

“அப்ப எனக்கு இதுதான்.”

கைகள் உயர்ந்தன. துவான் மாமாவுடையது கடைசியாக. சேரிடம் சொன்னார்: “கீறினது இந்தப் புள்ள. கட்டி முடியும்வரை இந்தப் புள்ளதான் நிக்க வேணும்.”

சேர் தன் காரில் போனார். நான் பஸ்ஸில்.

ஜூலை 14, திங்கள்

வழக்கமான பஸ். வர வேண்டாம் என்ற திங்கள் இதுதான். ஆனாலும் போனேன்.

“வர வேண்டாமெண்டு சொன்னனான்” என்றார் சேர்.

“ஓம் சேர். வந்தனான்.”

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். சேர் வாசலிலேயே நின்று போனை எடுத்தார். பொறியியலாளருக்கு: “தூண் கணக்கு ஒண்டு பார்க்க வேணும். ஓம், மலாய் மண்டபம். இல்ல, பெட்டி இல்ல.”

திரும்பிப் பார்க்கவில்லை நான். சாய்தளத்துக்குக் கைப்பிடி இன்னும் போடவில்லை.