உருகிய ஆற்றில் என் கால்

என் மகளே,
(அப்படி அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருந்தால்.)

நேற்று நவ்சாரியில், நம் பார்சி மண்டபத்தில், குருவாக நின்று உலகின் இறுதிநாளைப் பற்றி முழங்கினேன். மீட்பர் சோஷ்யந்த் தோன்றுவார்; மாண்டோர் எழுவர்; உருகிய உலோகம் ஆறாய்ப் பாயும்; அது நல்லோர்க்கு வெதுவெதுப்பான பாலாகும், தீயோரைச் சுடும் என்றேன். முடித்ததும் உன் அத்தை கூமி எழுந்தாள்.

"ஏண்ணா, பெத்த பொண்ண வாசல்லயே நிறுத்தினவரு கால வச்சா பாலா இருக்குமா, சுடுமா?"

கூட்டம் சிரித்தது.

வேற்று மதத்தவரை மணந்தாய் என்று, உன் தாயின் உடலைக் காணவிடாமல் உன்னைத் தடுத்தேன். "ஒரே ஒரு தடவ அம்மா முகத்தப் பாத்துட்டுப் போயிடுறேம்ப்பா" என்றாய். நான் மறைவிதியைச் சொன்னேன். உண்மையில் ஊராரின் பார்வைக்கே அஞ்சினேன்.

இறுதிநாளில் உயிர்த்தெழுந்தோர் ஒருவரையொருவர் அறிந்து, இத்தனை காலம் எங்கிருந்தாய் என்று கேட்பார்களாம். உன் தாய் முதலில் உன்னிடம்தான் அதைக் கேட்பாள். நீ சொல்லும் விடையை நான் எப்படித் தாங்குவேன்?

அதுவரை காத்திருக்க மாட்டேன். வெள்ளியன்று காலை, நம் வீட்டில் அவளுடைய ஆண்டு நினைவு வழிபாடு. கணவரோடு வா. யார் எழுந்து போனாலும் போகட்டும். நீ வராமல் நான் நெருப்பின்முன் அமரமாட்டேன்.

உன்னைத் தடுத்த கைகளால் இதை எழுதும்,
தந்தை