ஏரிக்கரையில் இரண்டு ஏக்கர், தம்பி பெயரில்

அக்டோபர் 4, சனி

காலையிலிருந்து மழை. லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது. வீட்டுக்காரி நூர்ஜகான் மூட்டுவலியோடு ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தாள். மேனேஜ்மென்ட்காரனுக்கு போன் போட்டால், "ஸ்பேர் பார்ட் வரல லா, அங்கிள்." போன மாதமும் இதே பாட்டு. இந்த ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் இனியும் இருந்தால் ஒன்று இவள் படியில் விழுவாள், இல்லை நான் எவனையாவது அடிப்பேன்.

வேண்டியது: தரை வீடு. சுற்றி இரண்டு ஏக்கர். நாலு ஆடு. பக்கத்தில் தண்ணீர். இந்தத் தீவுக்குள் நம் பணத்துக்குக் கக்கூஸ்கூடக் கிடைக்காது. பாலம் தாண்டி அக்கரையில்தான் தேட வேண்டும்.

அக். 5, ஞாயிறு

ஏஜென்ட் காட்டிய 'ஏரிக்கரை'. ஏரியாம்! பழைய ஈயச் சுரங்கக் குழி, மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. கரை செங்குத்து. ஆடு இறங்கினால் திரும்பாது. "வியூ பாருங்க அங்கிள், ரிசோர்ட் மாதிரி" என்கிறான். அவனை உள்ளே இறங்கிப் பார்க்கச் சொன்னேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. நிம்மதி.

அக். 11, சனி

கிடைத்தது. பேராக் பக்கம். நிஜமான ஏரி. ஏஜென்ட் எவனும் இல்லாமல் தேத்தண்ணிக் கடையில் விசாரித்து நானே பிடித்தது. மரவீடு, ரம்புத்தான் மரங்கள், தண்ணீர் வரைக்கும் புல். விலையும் கைக்கு அடக்கம். நூர்ஜகான் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தாள். "இங்கேயே இருந்துரலாமாங்க?" கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை.

அப்புறம்தான் நிலத்துக்காரர் வாயைத் திறந்தார். அரசு ஒதுக்கி வைத்த ரிசாப் நிலமாம். மலாய்க்காரர் பெயருக்குத்தான் மாற்ற முடியும். என் பிறப்புப் பத்திரத்தில் 'இந்தியர்'. தம்பி சலீமுடையதில் 'மெலாயு', மலாய்க்காரன். ஒரே வயிறு! அம்மா பாதி மலாய்க்காரி. என்னைப் பதியப் போனது அத்தா, அவனைப் பதியப் போனது மாமா. இருவரும் அவரவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள்.

அக். 12, ஞாயிறு

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் சலீமுக்கு நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தேன். பணம் என்னுடையது, பெயர் மட்டும் உன்னுடையது என்றேன். மீன்முட்டையை மென்றுகொண்டே, "எம் பேருன்னா ஒங்க பேருதான்ணே" என்றான். சின்ன வயதில் என் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போய் விற்றவன் இவன். நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லை. இடம் எங்கே என்றான். லொகேஷன் அனுப்பினேன், நிலத்துக்காரர் நம்பரும்.

அக். 15, புதன்

வக்கீலம்மா சொன்னது: "அவர் பேர்ல போட்டா அது அவரோடதுதான் சார். நீங்க தனியா எழுதி வாங்குனாலும் கோர்ட்ல நிக்காது."

நூர்ஜகான், "தம்பிதானேங்க" என்றாள். தம்பி என்பதால்தானே பயமே.

அக். 24, வெள்ளி

ஜும்மா முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சலீம் வந்து கையைப் பிடித்தான். பல்லெல்லாம் சிரிப்பு.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒங்க காசு, எம் பேரு, பின்னால தகராறு வரும் லா. அதான் நானே வாங்கிட்டேன், எங் காசுல."

முன்பணம் கொடுத்துக் கையெழுத்தும் ஆகிவிட்டதாம். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை. பள்ளிவாசல் என்பதால் கையை அடக்கிக்கொண்டேன். பாவி, அதோடு விட்டானா?

"வீடு சும்மாதாண்ணே கெடக்கும். நூர்ஜகான் மச்சியும் நீங்களும் போய் இருந்து பார்த்துக்குங்களேன். மாசம் ஏதாச்சும் தாரேன்."

என் தேடல், என் ஏரி, நான் காவல்காரன். அவன் கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். படியேறி வந்து மூச்சு வாங்க எல்லாவற்றையும் நூர்ஜகானிடம் கொட்டினேன். அவளும் அவனைத் திட்டுவாள் என்று பார்த்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்பங்க போகலாம்?" என்றாள்.