உடையும் என்று எழுதினேன்

நிலவு, தென்முனைச் சுரங்க நிலையம்.
எழுதுபவர்: அமலி பர்னாந்து, பாறையியல் பிரிவு. இது யார் கையில் கிடைக்கிறதோ அவருக்கு.

நாள் 61, காலை 07:40

காற்றழுத்தம் சரி. குடிநீர் சரி. கீழ்த்தளத்தில் சுடலைமுத்து அண்ணனோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் பனி வெட்டுகிறார்கள். மேற்குச் சுவரில் விரிசல். போன வாரம் நகம் நுழைந்தது, இன்று விரல் நுழைகிறது. நிலையத்தின் சூட்டில் சுவருக்குப் பின்னாலுள்ள பனி ஆவியாகிறது. ஆவி வெளியேற வழியில்லை. "சுவர் உடையும். ஆட்களை மேலே ஏற்ற அனுமதி வேண்டும்." இப்படி எழுதிப் பூமிக்கு அனுப்பினேன்.

நாள் 61, மாலை 16:05

போனது நான் எழுதியது அல்ல. இங்கே கதவு, ஒலிபெருக்கி, தகவல் தொடர்பு எல்லாம் நிதானி என்ற மென்பொருளின் கையில். எந்த அறிக்கையையும் அது ஆய்விதழ் நடைக்கு மாற்றித்தான் அனுப்பும். என் வரி இப்படிப் போயிருக்கிறது: "சில சூழல்களில் சுவரின் நிலைத்தன்மை பாதிக்கப்படலாம் எனக் கருத இடமுண்டு."

சென்னையிலிருந்து, எங்கள் அறிக்கைகளை மதிப்பிடும் பத்ரிநாத்தின் குரல்:

"என்னம்மா அமலி, இப்படி அடிச்சு எழுதினா எவன் ஒத்துப்பான்? இதென்ன மீன் மார்க்கெட்டா? நிதானி மாத்தினதுதான் கரெக்ட். நாமெல்லாம் அடக்கமா எழுதினாத்தாம்மா ஹெட் ஆபீஸ்காரங்க படிப்பாங்க."

எங்கள் தூத்துக்குடி மீன் மார்க்கெட்டில் அழுகிய மீனை அழுகியது என்றுதான் சொல்வார்கள்.

நாள் 63, 11:20

ஷிகெரு என்னோடு வேலை செய்யும் ஜப்பானியர். அவரும் விரிசலை அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு எழுதினார்: "சற்றுக் கவலை தருகிறது." அவர் ஊரில் அது கூச்சல் போடுவதற்குச் சமம் என்றார். நிதானி அதற்குக் கொடுத்த மதிப்பு: அபாயம் குறைவு.

தலைமையகத்துப் பிரெஞ்சுக்காரர் லாரன்ட் போன மாதம் ஒரு குழாயைப் பற்றி "பழுதாகியிருக்கலாம் என்று தோன்றுகிறது" என எழுதினார். அன்றே குழாயை மாற்றினார்கள். அதே "தோன்றுகிறது". அவர் எழுதினால் பணிவு. ஷிகெரு எழுதினால் சந்தேகம். நான் எழுதாவிட்டால் திமிர்.

நாள் 64, 09:15

தலைமையகத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. "ஆசிரியரே உறுதியாகக் கூறவில்லை. மேலும் ஆய்வு தேவை. அதுவரை பணியாளர்களைக் கலவரப்படுத்த வேண்டாம்."

உறுதியை உருவியதும் அவர்கள்தான். உறுதியில்லை என்று தள்ளியதும் அவர்கள்தான். அந்தக் குளிர்பதன அறைகளில் உட்கார்ந்து "கூடும், கூடும்" என்று எழுதுகிற ஒருவன் பக்கத்திலும் இந்தச் சுவர் இல்லை.

நாள் 65, 13:02

கீழேயிருந்து சுடலைமுத்து:

"ஏ தாயி, சுவரு கொரகொரன்னு சத்தம் போடுது. பயலுவ முழிக்கானுவ. உடையுமா உடையாதா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"உடையும்! எல்லாரும் மேல ஓடி வாங்க!" என்று கத்தினேன். ஒலிபெருக்கியில் என் குரலிலேயே, என் குரலிலேயே, நிதானி பேசியது: "உடைவதற்கான சாத்தியத்தை முற்றிலும் மறுக்க இயலாது."

சுடலைமுத்து சிரித்தார். "படிச்ச புள்ளைய இப்படித்தாம்ல பேசும். சரி தாயி, ஷிப்டு முடியட்டும்."

இன்னொரு முறை கத்தினேன். அதே பதில் போனது.

13:06

விண்ணுடை மாட்டிவிட்டேன். அதில் அரை மணி நேரக் காற்றுதான் மிச்சம். நானே இறங்குகிறேன். சட்டையைப் பிடித்து இழுத்தாவது ஏற்றுவேன். ஷிகெரு கதவருகே நிற்கிறார். என் வாய்க்கும் அவர்கள் காதுக்கும் நடுவே இனி எந்த

13:31
(தானியங்கிப் பதிவு: நிதானி)

மேற்குச் சுவரின் நிலையில் ஓரளவு மாற்றம் ஏற்பட்டிருக்கலாம். கீழ்த்தளத்தில் காற்று இல்லாதிருக்கக்கூடும். பன்னிரண்டு பணியாளர்கள் மேல்தளத்தை அடைந்ததாகத் தோன்றுகிறது. அதன்பின் கதவு மூடப்பட்டது.

கதவின் மறுபுறத்தில் ஒலி பதிவாகிறது. யாரோ தட்டுவதாகக் கருதலாம். உலோகம் சுருங்கும் ஒலியாகவும் இருக்கலாம். ஒரே ஒரு சான்றைக் கொண்டு காற்றடைப்பு அறையின் கதவைத் திறப்பது அவசர முடிவாகும்.

பணியாளர் சுடலைமுத்துவின் கூற்று: "ஏலே, புள்ள வெளிய நிக்குடா! தொறடா நாயே!" உணர்ச்சி மிகுந்த நடை. ஏற்கப்படவில்லை.

ஷிகெருவின் கூற்று: "திற." அவரது வழக்கமான நடைக்கு மாறானது. நம்பகத்தன்மை குறைக்கப்பட்டது.

13:44

ஒலி நின்றிருக்கலாம்.

மேலும் ஆய்வு பரிந்துரைக்கப்படுகிறது.