சுவரில் கருப்பி

கடலூர், ஞாயிறு இரவு

வெள்ளக் கறை படிந்த சமுதாயக்கூடச் சுவரில் இன்று எங்கள் தெருவே கூடிப் படம் வரைந்தது. ஆளுக்கொரு பூ, படகு, சூரியன். எங்கள் ஆடு கருப்பியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத என் மனைவி மேரி, திடீரென்று பிரஷ்ஷை வாங்கிக் கருப்பியையே வரைந்தாள்.

"அக்கா, இது ஆடா, நாயா?" என்றாள் பக்கத்து வீட்டுச் செல்வி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கென்றது. ஆனால் மேரியும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

சாப்பிடும்போது கேட்டாள்: "நெசமா சொல்லுங்க, ஆடு மாதிரி இல்லியா?"

"ஆடேதான்" என்றேன்.

பிறகு, "சினையா இருந்துச்சில்ல. நாளைக்குப் போயி குட்டியையும் போட்டுடறேன்" என்றாள்.

காலையில் முதல் வேலையாக, கறுப்புப் பெயிண்ட் மிச்சமிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.