படிக்கட்டுக் கட்டிடமும் கண்ணாடிக் கட்டிடமும்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அறைத் தோழியிடம்கூட. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் தனியாக வரும். அதில் எல்லோரும் சுகம், அப்பா வேலைக்குப் போய் வருகிறார் என்று இருக்கும். கையெழுத்து என்னுடையது, பொய் அம்மாவுடையது. நீ சுகம்தானே? நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் அப்பா கண்ணாடிக் கட்டிடத்தை வெளியிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தபோது கயிறு சிக்கி, முக்கால் மணி நேரம் தொங்கினார். சுவரெல்லாம் வழவழவென்று கண்ணாடி, கால் வைக்க ஒரு விரல் அகலம்கூட இல்லை. அன்றிலிருந்து வேலைக்கே போகவில்லை. எதிரே இருக்கும் பழைய படிக்கட்டுக் கட்டிடத்திலும் ஒருமுறை இப்படிச் சிக்கியதே, நினைவிருக்கிறதா? அன்றைக்குப் பதினெட்டாவது மாடியில், சுவர் உள்வாங்கி வெளியே நிற்கும் படியில் ஹாயாக உட்கார்ந்துவிட்டார். சுவரில் ஏறுகிறவர் என்று அப்பாவுக்குப் பல்லி எனப் பெயர் வைத்த கூட்டாளிகள், "பல்லி அண்ணன் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்காரு பாரு" என்று கேலி செய்தார்களாம்.

நாளைக்கு எங்கள் பள்ளிக் கண்காட்சி. ஊர் முழுவதையும் அட்டையில் செய்கிறோம், படிக்கட்டுக் கட்டிடம் என் பங்கு. சிறப்பு விருந்தினர் கண்ணாடிக் கட்டிட மேனேஜர். அதனால் கைவேலை டீச்சர், "இதென்னடி அங்கங்க துருத்திக்கிட்டு நிக்குது? படியெல்லாம் வெட்டிட்டு வெள்ளித்தாள் ஒட்டு. எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கணும்" என்றார். மாட்டேன் என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அப்பாவிடம் சொன்னால், "அந்த மேனேஜர் கையிலதாம்மா என் வேலை இருக்கு. அட்டைதானே, வெட்டிடேன்" என்கிறார். அந்தப் படியில் உட்கார்ந்து பிழைத்தவர் வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு!

பயமாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனாலும் நீதானே சொன்னாய், கீழே தெருவுக்கு வெயில் விழட்டும் என்றுதான் அந்தக் கட்டிடம் மேலே போகப் போக ஒதுங்கி ஒதுங்கி நிற்கிறது என்று. கண்ணாடிக் கட்டிடம் யாருக்கும் ஒதுங்காமல் நேரே ஏறிப் போகிறது. நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அதன் கண்ணாடியில் பிரதிபலிப்பதே எதிர்க் கட்டிடத்தின் படிகள்தான். அவற்றையும் வழித்துவிட்டால் அது எதைக் காட்டும்? இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்பதால்தான் இது நம் ஊர் என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. எல்லாம் பளபளத்தால் எந்த ஊரில் இறங்குகிறோம் என்று உனக்கே தெரியாது.

படியை நான் வெட்டவில்லை. அதுமட்டுமா, சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அட்டைக் கண்ணாடிக் கட்டிடத்தின் உச்சியில் நூல் கட்டி, ஒரு குட்டி மனிதனைத் தொங்கவிட்டு வந்திருக்கிறேன். "யாரும்மா இது?" என்று மேனேஜர் கேட்பார். என் அப்பா என்று சொல்லுவேன். எங்கே கால் வைப்பது என்று திருப்பிக் கேட்பேன். அப்பாவுக்கு வேலை போனால் என்னைத் திட்டு, ஆனால் நான் செய்தது சரியா தப்பா என்று சொல்லிவிட்டுத் திட்டு.

கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாக, இரண்டு தட்டு. அப்பாதான். மறைக்கப் போவதில்லை அக்கா, நாளைக்குக் கண்காட்சியில் தெரிவதற்கு முன்னால் அவரிடமே நான் சொல்லிவிடுகிறேன்.